கறுத்த முகத்துக்கு வெளிச்சம் வைப்பது

போர்ட்ரெய்ட் வெளிச்சம் பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அதை அப்படியே நம் வீட்டு ஆட்களுக்குச் செய்து பார்த்தால் முகம் சாம்பல் பூத்துப்போகும், இல்லையென்றால் நெற்றியில் வியர்வை வழிவதுபோல் வெள்ளைப் புள்ளி அடிக்கும். வெளுத்த தோல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் கணிசமான பங்கை நாலாபக்கமும் சிதறடித்துத் திருப்பிவிடும். அங்கே முகத்தின் மேடு பள்ளத்தை நிழல் காட்டிக்கொடுக்கும். கறுத்த தோலில் அப்படிச் சிதறித் திரும்புவது மிகக் குறைவு. ஆனால் தோலின் மேற்பரப்பில் பட்டு நேராகத் திரும்புகிற மினுக்கம் எந்த நிறத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கறுத்த முகத்தில் கன்ன எலும்பையும் மூக்குத் தண்டையும் தாடை ஓரத்தையும் வரைவது அந்த மினுக்கமே.

மினுக்கம் என்றால் விளக்கின் பிம்பம். ஒரு பித்தளைச் சொம்பை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், ஜன்னல் முழுவதும் அதன் வளைவில் அகலமாகப் படர்ந்திருக்கும். அதே சொம்பின்மேல் டார்ச் அடித்தால் கண் கூசும் ஒரு புள்ளி மட்டும் தெரியும். முகத்திலும் இதுதான் நடக்கிறது. சின்ன பிளாஷ் என்றால் சின்னப் புள்ளி. ஒன்றரை மீட்டர் உயரத் துணி என்றால் கன்னம் முழுக்கப் பரவும் மெல்லிய பளபளப்பு. ஆகவே நம் முகங்களுக்கு விளக்கின் வாட்டைவிடப் பரப்பு முக்கியம். பரப்பைக் கையால் செய்வது மலிவு என்பதுதான் அமெச்சூர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. விலை கூடிய சிறிய விளக்கைவிட, சில நூறு ரூபாயில் கட்டிய பெரிய துணிச் சட்டம் இந்த வேலையை நன்றாகவே செய்யும்.

பரப்பு என்பது தூரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரை டிகிரிதான். அதனால்தான் வெயில் இவ்வளவு கடுமையான நிழல் போடுகிறது. ஒன்றரை மீட்டர் துணியை நாலு மீட்டர் தள்ளி வைத்தாலும் அதே பாடுதான், அதன் மென்மையில் பெரும்பகுதி போய்விடும். முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். ஃபிரேமுக்குள் துணியின் ஓரம் எட்டிப் பார்க்காத அளவுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே.

வேட்டிச் சட்டம்

முக்கால் அங்குல பிவிசி குழாய், 6 மீட்டர் நீளம் ஒன்று. எல்போ நான்கு, டீ இரண்டு. குழாயை 75 சென்டிமீட்டரில் நான்கு துண்டாகவும், 1 மீட்டரில் மூன்று துண்டாகவும் வெட்டினால் மிச்சமே இருக்காது. 75 செ.மீ. துண்டுகளை இரண்டிரண்டாக டீ போட்டு இணைத்தால் ஒன்றரை மீட்டர் நீளப் பக்கங்கள் இரண்டு வரும். மேலும் கீழும் ஒரு மீட்டர் துண்டு, டீக்களுக்கு நடுவே குறுக்காக மூன்றாவது. அந்தக் குறுக்குக் குழாயை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத சட்டம் துணியை இழுத்துக் கட்டியதும் இடுப்பு ஒடிந்து உள்ளே வளையும். சொல்யூஷன் போட்டு ஒட்டவும் வேண்டாம். ஒட்டாமல் தட்டி இறுக்கினாலே நிற்கும். கழற்றினால் முழுச் சட்டமும் ஒரு மீட்டர் நீளக் கட்டாக பைக்கில் வைத்துக் கட்டிப் போகலாம்.

துணிக்கு நாலு முழ வேட்டியே பொருத்தம். சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம் என்பதால் சட்டத்தைச் சுற்றி மடக்கக் கொஞ்சம் மிஞ்சும். நாலு மூலையிலும் அகல எலாஸ்டிக் நாடாவைக் குறுக்காகத் தைத்துக்கொண்டால் மெத்தை உறை மாதிரி மாட்டிவிடலாம். கரை இல்லாத வேட்டியாகப் பாருங்கள், அல்லது கரை குழாய்க்குப் பின்னால் போகும்படி மடக்குங்கள். நெசவு மெல்லியதாக இருந்தால் ஒரு ஸ்டாப்பை ஒட்டி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சம் குறையும், கெட்டி வேட்டி ஒன்றரை ஸ்டாப் வரை தின்னும். நிறமும் கவனிக்க வேண்டியது. பழுத்து மஞ்சளடித்த வேட்டி முகத்தை மஞ்சளாக்கும். சலவைத்தூளில் இருக்கும் ஒளிர்வுப் பொருள், பிளாஷிலும் வெயிலிலும் இருக்கும் புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழும். அப்படித் துவைத்த வேட்டியை வைத்து எடுத்தால் தோல் பிணநிறத்துக்குச் சாய்வது இதனால்தான். வெறும் தண்ணீரில் பலமுறை அலசிய வேட்டியை இந்த வேலைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வைக்கும் விளக்கு

பகலில் ஜன்னலுக்கு முன் அந்தச் சட்டத்தை நிறுத்தினாலே போதும், விளக்கே வேண்டாம். இரவுக்கு எல்இடி பல்பு பலகை செய்துகொள்ளலாம். 12 மி.மீ. பிளைவுட்டில் 60 செ.மீ. சதுரம், மூன்றுக்கு மூன்று வரிசையில் ஒன்பது பேட்டன் ஹோல்டர், எல்லாம் பேரலல் இணைப்பு. 9 வாட் பல்பு ஒன்பது போட்டால் மொத்தம் 81 வாட்தான். 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட இழுக்காது. ஆனாலும் 1 சதுர மி.மீ. வயர், பின்பக்க இணைப்புகளை முழுக்க மூடும் பெட்டி, சுவிட்ச், நல்ல பிளக் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். வயரிங் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்யுங்கள். 500 வாட், 1000 வாட் ஹாலஜன் விளக்கைத் துணிக்குப் பின்னால் வைக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம், துணி பற்றிக்கொள்ளும்.

பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ எண்ணைப் பாருங்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100க்கு இத்தனை என்ற மதிப்பெண் அது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை 80. அவற்றில் சிவப்பு குறைவு. நம் தோலின் உயிர் அந்தச் சிவப்பில் இருக்கிறது, அது குறைந்தால் கறுத்த முகம் பச்சையும் சாம்பலுமாக மங்கும். 90க்கு மேல் தேடி வாங்குங்கள். ஒன்பதும் ஒரே கம்பெனி, ஒரே கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்). அறையில் எரியும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்துவிட்டால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தும் முழுதாகப் பிரிக்க முடியாது.

பல்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி வேட்டி, வேட்டியிலிருந்து 90 செ.மீ. தள்ளி முகம். இந்த ஏற்பாட்டில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 800, லென்ஸ் திறப்பு எஃப்/2.8, ஷட்டர் 1/100 நொடி என்று தொடங்கினால் அருகில் வரும். பல்பைத் துணிக்கு ஒட்டி வைத்தால் ஒன்பது வெள்ளை வட்டங்கள் கருவிழியில் தெரியும். 60 செ.மீ. இடைவெளி வைப்பது வெளிச்சம் துணி முழுக்கப் பரவி நிறையத்தான். ஷட்டரை 1/100 அல்லது 1/50இலேயே வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு பல்புகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். 1/250 என்று ஏற்றினால் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசமாக.

எங்கே நிறுத்துவது

பாடங்களில் 45 டிகிரி என்பார்கள். அங்கே தொடங்கலாம், அங்கேயே நின்றுவிட வேண்டாம். கேமரா இருக்கும் இடத்தில் நீங்கள் நின்றுகொண்டு, உதவிக்கு வந்தவரிடம் சட்டத்தை மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். மினுக்கம் நெற்றியிலிருந்து இறங்கிக் கன்ன எலும்புக்கு வந்து, பிறகு தாடை ஓரத்துக்கு ஓடுவது கண்ணுக்கே தெரியும். வெளிச்சம் சாய்வாகத் தடவிப் போகப் போக மினுக்கம் கூடும். கன்ன எலும்பின் மேல் அகலமாக ஒரு பட்டை விழும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் அது 60 முதல் 80 டிகிரிக்குள் இருக்கும், சட்டத்தின் பின் விளிம்பு காதுக்கும் பின்னால் போயிருக்கும். கீழ் விளிம்பு நெஞ்சு உயரத்தில், மேல் விளிம்பு தலைக்கு மேல். ரொம்ப உயர்த்தினால் கண்குழி இருண்டுவிடும். கரும்பழுப்பு விழியில் வெளிச்சப் பிம்பம் இல்லாவிட்டால் முகமே தூங்கியதுபோல் ஆகிவிடும். "தாத்தா, மூக்கை மட்டும் அந்த வேட்டிப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க" என்றால் போதும், கேமராவைப் பார்த்து விறைத்திருந்த தோளும் தளர்ந்துவிடும்.

மூக்குக் கண்ணாடி போட்டவர் என்றால் பெரிய துணி முழுதாகக் கண்ணாடியில் தெரியும். சட்டத்தை ஒரு சாண் உயர்த்துங்கள். கண்ணாடிக் கால்களைக் காதுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிம்பம் மறைந்துவிடும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் ஷீட் ஒன்று. 25 மி.மீ. கனம் வாங்கி ஓரத்தைச் சுற்றி அகல டேப் ஒட்டினால் உடையாமல் உழைக்கும். முகத்திலிருந்து 50, 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் நிழல் திறக்கும். அலுமினிய ஃபாயில் ஒட்டிய பலகை வெயிலுக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடிக்க உதவும். கிட்டே கொண்டுவந்தால் அதுவும் ஒரு சின்ன விளக்காகிவிடும், கண் கூசும், தாடைக்கு அடியிலிருந்து வெளிச்சம் ஏறும்.

உடை ஒரு பெரிய விஷயம். ஒரே வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைக்கும் கறுத்த முகத்துக்கும் மூன்று ஸ்டாப் வரை வித்தியாசம் வரும். முகத்துக்கு எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் வெளிச்ச அளவு) வைத்தால் சட்டையின் நூலிழை அழிந்துவிடும். அரக்கு, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை எல்லாம் கறுத்த தோலுக்கு அருமையாக இருக்கும். வெள்ளைதான் போடுவேன் என்று பெரியவர் சொன்னால், சட்டத்தின் கீழ்ப்பகுதியில் 30 செ.மீ. உயரத்துக்குக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுச் சட்டைக்குப் போகும் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

இனி வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர். முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே கேமரா முயலும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்து, பின்னணியும் இருட்டாக இருந்தால் தேவைக்கு மேல் வெளுப்பாக்கிவிடும், முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெள்ளை வேட்டி சட்டையோடு முழு உருவம் என்றால் நேர்மாறாக முகத்தை இருட்டாக்கும். மேனுவலுக்கு மாறிவிடுவதே நல்லது. கன்னத்து மினுக்கம் வெறும் வெள்ளையாக வெடித்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை ஏற்றுங்கள். தோலின் மற்ற பகுதி ஹிஸ்டோகிராமில் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தில்) நடுக்கோட்டுக்கு இடதுபுறம் விழும். அதுதான் அதன் இடம், வலப்பக்கம் தள்ள வேண்டியதில்லை. கலர் ஃபிலிம் காலத்தில் லேபுகள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் கொடுத்த ஷர்லி அட்டைகளில் பல்லாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். இன்றைய போன்களின் அழகூட்டும் மோடும் வெளுப்பதையே அழகு என்று நினைக்கிறது. போனில் எடுப்பவர்கள் முதலில் அதை அணையுங்கள். போர்ட்ரெய்ட் மோடில் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரங்களையும் பாருங்கள், பல போன்கள் பூவைப் பின்னணியோடு சேர்த்து அழித்துவிடும்.

லென்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. எஃப்/1.8 போதும். ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகும். அந்தத் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் ஃபோகஸ் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ.தான், முகம் திரும்பியிருந்தால் ஒரு கண் போய்விடும். எஃப்/2.8இல் அது 9, 10 செ.மீ. ஆகும்.

வெளியே போனால்

மேலைநாட்டுப் பாடங்களில் சொல்லும் பொன்னொளி நேரம், அதாவது சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும் பொழுது, நமக்கு அவ்வளவு நீளம் இல்லை. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறி செங்குத்தாக இறங்கும். அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர சுமார் 25 நிமிடம்தான். காலை வெளிச்சத்துக்கு வருகிறவர்கள் சூரியன் தெரியும் முன்பே சட்டத்தைப் பூட்டி, எக்ஸ்போஷர் பார்த்து, ஆளை நிறுத்தியிருக்க வேண்டும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த நாட்களை ஒட்டிய பகலில் கண்குழி இரண்டு கறுப்புக் குழியாகும்.

கிழக்குக் கடற்கரையில் கடல் கிழக்கே இருக்கிறது என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். மெரினாவிலோ மாமல்லபுரத்திலோ காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கும். கூந்தல் ஓரம் ஒளிரும், முகத்துக்குத் தெர்மாகோல் தேவை. மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியபின், கடலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் மேற்கு வானம் முழுவதும் ஒரே விளக்காக விழும். கறுத்த முகங்களுக்கு அந்தக் கால் மணி நேரத்தைவிட நல்ல இலவச வெளிச்சம் கடற்கரையில் கிடையாது. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் முக்காலி, விளக்கு வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே உள்ளே எடுக்கலாம் என்று நினைத்துக் கிளம்பாமல், தெரு, குளக்கரை என்று இடம் பாருங்கள்.

பகல் முழுக்க வேலை செய்யக்கூடிய இடம் திண்ணை. மேலே கூரை வெயிலைத் தடுக்கிறது, எதிரே தெருவும் எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும் வெளிச்சத்தை உள்ளே அனுப்புகின்றன. நிழல் விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே ஆளை உட்காரவைத்து முகத்தைத் தெருப்பக்கம் திருப்புங்கள். இன்னும் உள்ளே தள்ளினால் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும். கதவைத் திறந்து வைத்தால் வீட்டின் இருட்டே பின்னணித் திரை. சிவப்பு சிமெண்ட் தரை என்றால் எச்சரிக்கை, தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் செங்கல் நிறம் ஏறும். ஃபிரேமுக்கு வெளியே தரையில் இன்னொரு வேட்டியை விரித்துவிடுங்கள். புல்வெளியிலும் நாற்று வயலோரத்திலும் இதே கதை பச்சையாக நடக்கும், தீர்வும் இதேதான். மர நிழல் என்றால் அடர்ந்த புளியமரம் நல்லது. தென்னந்தோப்பில் கீற்று வழியே வெயில் துண்டு துண்டாக முகத்தில் விழும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

உச்சி வெயிலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் வேட்டிச் சட்டத்தைத் தலைக்கு அரை மீட்டர் மேலே இருவர் பிடிக்கட்டும், முன்பக்கம் கொஞ்சம் தூக்கி. நெஞ்சுக்குக் கீழே தெர்மாகோல். முகத்துக்கு ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறைந்துவிட்டதால் வெயிலில் நிற்கும் பின்னணி அந்த அளவுக்கு வெளுக்கும். பாறை, மரக்கூட்டம், கருங்கல் சுவர் போன்ற இருண்ட பின்னணியாகப் பாருங்கள்.

பிளாஷ் வைத்து வெயிலோடு போட்டி போடுவதற்குக் கணக்கு இது. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 வைத்தால் நண்பகல் வெயிலுக்கு எஃப்/11. மீட்டர் கணக்கில் கைடு நம்பர் (தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கி வரும் பிளாஷ் பல அளவு) 33 உள்ள பிளாஷ் முழு பவரில் 3 மீட்டரில்தான் எஃப்/11 கொடுக்கும். வெள்ளைக் குடை வழியே விட்டால் இரண்டு ஸ்டாப் போய், தூரம் ஒன்றரை மீட்டராகச் சுருங்கும். அதாவது முகம், தோள் வரைக்கும் சரி, முழு உருவத்துக்குப் போதாது. ஷட்டரைச் சிங்க் வேகத்துக்கு (பிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) மேல் ஏற்றினால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகும். பிளாஷைத் தொடர் துடிப்பாக அடிக்கும் ஹைஸ்பீட் சிங்க் போட்டால் அது தீரும், ஆனால் பிளாஷின் பலம் பெரிதும் குறையும். முழு பவரில் தொடர்ந்து அடித்தால் சூடாகி பிளாஷ் தானே நின்றுவிடும். பத்துப் பதினைந்து படத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள்.

காற்றை மறக்க வேண்டாம். சென்னையில் கோடை நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறும்போது, ஒன்றரை சதுர மீட்டர் துணி பாய்மரமாகிவிடும். 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று சட்டத்தைத் தாங்கும் ஸ்டாண்டின் காலில் தொங்கட்டும், கடற்கரையில் அது போதாது, ஓர் ஆள் பிடித்தே ஆக வேண்டும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் பனிக்கும். பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

வியர்வையைக் காதித் துண்டாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். டால்கம் பவுடர் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சுகூடப் பிளாஷில் சாம்பலாக எழும்பி, நாம் பாடுபட்டு வரவழைத்த மினுக்கத்தை மொத்தமாக அடக்கிவிடும். தோல் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்துக் கன்னத்தில் மட்டும் ஒற்றினால் போதும்.

ரா ஃபைலில் (கேமரா எதையும் திருத்தாத மூலப் பதிவு) எடுங்கள், முதல் படத்தில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் அட்டை) பிடிக்கச் சொல்லுங்கள். ஏ4 தாளை வைத்து ஒயிட் பேலன்ஸ் பார்க்காதீர்கள், அதிலும் வேட்டியில் சொன்ன அதே ஒளிர்வுப் பொருள் இருக்கிறது. எடிட்டிங்கில் முகத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்து வெளுப்பாக்கும் வேலை வேண்டாம். நிழலைக் கொஞ்சம் திறக்கலாம், மினுக்கத்தைத் தொட வேண்டாம். பிரிண்டுக்குக் கொடுக்கும்போது லேபில் ஆட்டோ கரெக்‌ஷனை அணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இயந்திரம் கறுத்த முகங்களைப் பார்த்ததும் தானாகவே வெளிச்சத்தை ஏற்றும். 12க்கு 18 போடுமுன் 4க்கு 6 ஒன்று எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், அந்த ஆளையே பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.